ஆவுளியா கண்ட இடம்

எத்தாளையில் யாரோ ஒருவருடைய வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் ஆவுளியா மேய்வதாக என் வரைபடம் காட்டியது. திகதி, நேரம், கண்டவர் பெயர் எல்லாம் ஒழுங்காகப் பதிந்திருந்தன. கண்டவர் எங்கள் துறைத் தோணிக்காரர், எல்லோருக்கும் அண்ணன் முறையான மீராசாஹிப் நானா. எண்ணிக்கை ஒன்று. என்ன செய்துகொண்டிருந்தது என்ற கட்டத்தில் 'புல் தின்றது' என்று நானே என் கையால் எழுதியிருந்தேன்.

இதைக் கண்டுபிடித்தது நானல்ல, கோசலா. பக்கத்து உடப்பு ஊர்ப் பிள்ளை. கடலுயிர்களைப் பற்றிப் படித்துவிட்டுக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். செவ்வாய்க்கிழமை பகல் தொலைபேசியில் அழைத்தவள் முதலில் சுகம் விசாரித்தாள், பிறகு மழை பெய்ததா என்று கேட்டாள், அதற்குப் பிறகுதான் "அக்கா, ஒரு சின்ன விஷயம்" என்றாள். படித்த பிள்ளைகள் சின்ன விஷயம் என்று தொடங்கினால் நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

"நீங்க அனுப்பின இடங்கள்ல பன்னிரண்ட போன மாசம் சோதிச்சுப் பார்த்தம் அக்கா. ஒன்பது இடத்துல வெறும் மணல். ரெண்டு இடத்துல கொஞ்சம் புல் இருக்கு. மற்றது..."

"மற்றது?"

"மற்றது எத்தாளையில. வெங்காயத் தோட்டம்."

சிரிக்காமல் சொன்னாள். அது அவளுடைய பெரிய மனது. எனக்கு முகம் சுட்டது.

நாங்கள் ஆவுளியா என்று சொல்வதைப் பத்திரிகைகளில் கடற்பசு என்று எழுதுகிறார்கள். ஒன்றரை ஆள் நீளம், மாட்டைப் போல மந்தமான குணம், கடலடியில் வளரும் புல்லைத் தவிர வேறொன்றும் தின்னாது. மூச்சு வாங்க மட்டும் மேலே வரும். ஒரு காலத்தில் வலையில் ஒன்று பட்டால் எங்கள் ஊர் பள்ளிவாசல்துறை முழுக்க அன்றைக்கு இறைச்சிக் கறி மணக்குமாம். இப்போது அதைத் தொட்டாலே சிறை. தொடுவதற்கும் அதிகம் மிச்சமில்லை.

எத்தனை மிச்சம், எங்கே மேய்கின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் கோசலா இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் துறைக்கு வந்தாள். "வருஷத்துல பத்து நாள் வந்து போற எங்களுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு நாளும் கடலில இருக்கிறவங்க நீங்கதானே" என்றாள். அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். என்னுடைய வேலை காலையில் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு அ, ஆ சொல்லிக்கொடுப்பது. பகலுக்குப் பிறகு நேரம் இருந்தது. பதினெட்டுத் தோணிக்காரர்களை நானே வீடு வீடாகப் போய்ப் பிடித்துச் சேர்த்தேன். சம்பளம் இல்லை. ஆளுக்கு ஒரு நீலத் தொப்பி, பெயர் எழுதிய ஓர் அட்டை. அந்தத் தொப்பிக்காகவே நாலு பேர் சேர்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆவுளியாவைக் கண்டால் கண்ட இடத்திலேயே தொலைபேசியில் குறிக்க வேண்டும் என்பதுதான் ஒழுங்கு. ஆனால் எங்கள் ஆட்கள் தொலைபேசியை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, அதைச் சோற்று வாளிக்குள் வைத்துக்கொண்டு போகிறவர்கள். உப்புக் கையோடு அதைத் திறக்கச் சொன்னால் என்னையே கடலில் தள்ளிவிடுவார்கள். ஆகவே கரைக்கு வந்து வாயால் சொன்னார்கள். கடலில் இடம் சொல்ல அவர்களுக்கு என்று ஒரு வழி இருக்கிறது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர் பிடிப்பார்கள். பள்ளிவாசல் மினாராவுக்குப் பின்னால் தொலைபேசிக் கோபுரம் மறைய வேண்டும், தீவின் பனைக்கு நேரே நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் அடிமட்டம் வைத்துக் கோடு கீறுவேன். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு வருடத்தில் நாற்பத்தேழு புள்ளிகள். அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துப் பாலர் பாடசாலைச் சுவரில் மாட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டி, நான் பட்ட பெருமை கொஞ்சமல்ல.

"அக்கா, இனிக் கொஞ்சம் கஷ்டமான விஷயம்" என்றாள் கோசலா.

அவளுடைய அலுவலகம் கடலில் மிதவை போடப்போகிறது. மிதவைகளுக்குள்ளே வலை வைக்கக் கூடாது, இயந்திரத்தை வேகமாக ஓட்டக் கூடாது, தூண்டில் போடலாம். புல் இருக்கும் இடம் சரியாகத் தெரிந்தால் அந்த இடங்களைச் சுற்றி மட்டும் சின்ன வட்டங்களாகப் போடலாம். தெரியாவிட்டால் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு கீறுவார்கள். அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் புல்.

"இறங்குதுறையில இருந்து தீவு வரைக்கும் முழுக் குடாவும் கறுப்பாத்தான் தெரியுது அக்கா. மேலிடத்துக்கு அது லேசு. ஒரே கோடு."

"சின்ன வட்டம் போட என்ன வேணும்?"

"சரியான இடங்கள் வேணும். அதோட எங்கயோ ஒரு பெரிய புல்வெளி இருக்கணும். நாற்பத்தேழு தடவை கண்டிருக்கிறாங்க எண்டா சின்னத் துண்டுகளை நம்பி அதுகள் வராது. அந்தப் பெரிசைக் காட்டினாத்தான் என்னால அவங்களோட வாதாட ஏலும். சனிக்கிழமை வாறன். அதுக்குப் பிறகு எனக்கும் நேரமில்ல."

முழுக் குடாவையும் மூடினால் எங்கள் துறையில் வலை வைக்க ஒரு முழ இடம் மிஞ்சாது. இந்த வேலைக்கு ஊரைச் சேர்த்துக் கொடுத்தது யார் என்று பேச்சு வந்தால் எல்லாக் கையும் என் பக்கம்தான் நீளும். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். இரண்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் கணவர் ஸப்ராஸ் கடலால் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் சோற்றைப் போட்டபடியே வெங்காயத் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். அவருக்குச் சோறு புரையேறிவிட்டது. சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது.

"மீராசாஹிப் நானா எப்பவும் ரெண்டு மைல் வடக்கால தள்ளித்தான் சொல்லுவாரு. நீ அதக் கோடு கீறிப் பாத்தா கரையேறாம என்ன செய்யும்?"

"என்னத்துக்குத் தள்ளிச் சொல்லணும்?"

"புடிக்கிற இடத்த ஆராச்சும் உள்ளபடி சொல்லுவானா புள்ள?"

"நான் மீனையா கேட்டேன்? ஆவுளியாவத்தானே கேட்டேன்!"

அவர் என்னைப் பாலர் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆவுளியா நிக்கிற எடத்துல என்ன இரிக்கி? புல்லு. புல்லு இரிக்கிற எடத்துல என்ன இரிக்கி? ஒரா மீனு, இறாலு. ஆவுளியா இஞ்ச நிண்டிச்சி எண்டு சொல்றதும் என்ட வல இஞ்சதான் கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க எண்டு சொல்றதும் ஒண்டுதானே."

இரண்டு வருடமாக எனக்கு இது உறைக்கவே இல்லை. கரையில் இவர்கள் பேசுவதை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! வடக்கே போனவன் தெற்கு என்பான், நிறையப் பட்டவன் வெறும் வலை என்பான். கேட்கிறவனும் அதை நம்ப மாட்டான், சொல்கிறவனும் அவன் நம்புவான் என்று நினைக்க மாட்டான். அது அவர்களுக்குச் சலாம் சொல்வதைப் போல ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, கொழும்புக்கு அனுப்பிய முட்டாள் நான் ஒருத்திதான்.

"அப்ப நீங்க?" என்றேன்.

"நான் ஒரு பொய்யும் சொல்லல்லயே."

அது உண்மை. அவர் இரண்டு வருடத்தில் ஒரு தகவலும் தரவில்லை. துறையிலேயே நல்ல ஒரா கொண்டுவருகிறவர் ஓர் ஆவுளியாவைக்கூடக் காணவில்லையாம். கேட்டால், "நான் மீன் பாக்கப் போறவன்" என்பார். இதையும் நான் நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொப்பியை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பதினெட்டுப் பேரையும் மீனவர் சங்கக் கட்டடத்துக்கு வரச் சொன்னேன். தேத்தண்ணீர், மாரி பிஸ்கட். சுவர் வரைபடத்தைக் கழற்றிக் கொண்டுபோய் மேசையில் விரித்து, கோசலா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். முழுக் குடாவும் என்ற இடத்தில் எல்லோருடைய முகமும் மாறியது. மாறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன்.

"இப்ப ஒவ்வொருத்தரா வந்து உங்கட புள்ளிய நீங்களே சரியாக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. மீராசாஹிப் நானா தாடியைத் தடவினார். "என்ட சரியாத்தான் இரிக்கி டீச்சர்."

"வெங்காயத் தோட்டத்துலயா நானா?"

"வெள்ளம் வந்த நேரமா இரிக்கும்."

மற்றவர்களும் அப்படியே. எல்லோருடைய புள்ளியும் சரி. கோசலா இறங்கிப் பார்த்த மணல்தான் பிழை. சிலர் நீரோட்டம் புல்லை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது.

"சரி, வல்லாஹி எண்டு சொல்லுங்க பாப்பம்!"

அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த தோணிக்காரர் அபூசாலி கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். "அல்லாஹ்ட பேர இதுக்கெல்லாம் இழுக்காதீங்க டீச்சர்" என்றார் பணிவாக. பதினெட்டுத் தலையும் ஆமோதித்தன. பொய்ச் சத்தியம் செய்யவும் மாட்டார்கள், உண்மையைச் சொல்லவும் மாட்டார்கள். இவர்களை நான் என்ன செய்வது?

வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாலர் வகுப்பில் ஏசுகிற மாதிரியே ஏசியிருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள். உங்கள் பேச்சை நம்பி ஒரு பிள்ளை கொழும்பில் சண்டை பிடிக்கிறாள், நீங்கள் அவளைக் கேவலப்படுத்துகிறீர்கள், எல்லோரும் பொய்யர்கள் என்றேன்.

அபூசாலிக்கு அது சுட்டுவிட்டது. "எல்லாரையும் ஒண்டா சேத்துச் சொல்லாதீங்க. நான் கொஞ்சம்தான் தள்ளிச் சொன்ன. மீராசாஹிப் நானா மாதிரிக் கரையில ஏத்தல்ல. அவர் வல வைக்கிறது சிப்பித் திட்டுக்குத் தெக்கால எண்டு ஊருக்கே தெரியும்!"

மீராசாஹிப் நானா எழும்பி நின்றார். "ஓ! அப்ப இவர் மட்டும்? இவர் உடைஞ்ச தோணிக்குப் பக்கத்தால எண்டு எழுதிக் குடுத்திருக்காரு. அங்க இவருக்கு என்ன வேல? இவர் போறது கண்டல் முனைக்குப் பின்னால. நான் என்ட கண்ணால கண்ட!"

"நீங்க அங்க என்னத்துக்கு வந்த?"

நான் ஏசுவதை நிறுத்திவிட்டுப் பேனையை எடுத்தேன். சிப்பித் திட்டுக்குத் தெற்கு. கண்டல் முனைக்குப் பின்னால். எழுதினேன். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் குதித்தது. இவர்களில் ஒருவனும் தன் இடத்தைச் சொல்ல மாட்டான். ஆனால் அடுத்தவன் இடம் ஒவ்வொருவனுக்கும் அத்துபடி. தெரிந்துகொள்வதற்காகத்தானே இத்தனை வருடமும் ஒருவனை ஒருவன் பின்தொடர்ந்திருக்கிறார்கள்!

"எல்லாரும் இரிங்க!" என்று மேசையில் தட்டினேன். "இனி ஒரு சட்டம். உங்கட இடத்தப் பத்தி நீங்க வாய் திறக்கத் தேவல்ல. அடுத்தவர்ட இடத்த மட்டும் சொல்லுங்க. மூணு பேர் ஒரே இடத்தச் சொன்னா நான் புள்ளி வைப்பேன்."

பிறகு நடந்ததைச் சொல்லி முடியாது. பெருநாள் மாதிரி இருந்தது. தேத்தண்ணீர் இரண்டாம் தரமும் ஊற்றினோம். ஒருவருடைய இடத்தைச் சொல்ல ஐந்து பேர் மேசைக்கு வந்தார்கள். "இன்னும் கொஞ்சம் மேற்கால டீச்சர், அவன் அம்புட்டுக் கிழக்கால போமாட்டான்" என்று துல்லியமாகத் திருத்தினார்கள். இடம் பறிபோனவன் முதலில் கத்துவான், பிறகு அடுத்தவனுடைய முறை வந்ததும் கத்தியதை மறந்து முன்னால் வந்து நிற்பான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் பழைய புள்ளிகள் எல்லாம் அழிந்து புதிய புள்ளிகள் அழகாக ஒன்பது கூட்டமாகச் சேர்ந்திருந்தன. பார்த்தாலே தெரிந்தது, இது உண்மை என்று.

"எல்லாம் சின்னச் சின்னத் துண்டு" என்றார் மீராசாஹிப் நானா, வரைபடத்தைத் தலை சாய்த்துப் பார்த்தபடி. "பெரிய புல்லு இதுல இல்ல டீச்சர்."

"அது எங்க?"

எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். நீலத் தொப்பியோடு என் கணவர் அங்கே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரமும் அவர் இடத்தை ஒருவரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் இடத்தில் பன்னிரண்டு இடம் அவர்தான் காட்டிக்கொடுத்தார்.

"இவன்ட ஒராட வயித்தக் கிழிச்சா உள்ளுக்கு முழுக்கப் புல்லு" என்றார் அபூசாலி. "அம்புட்டுப் புல்லு இவனுக்கு எங்க இரிக்கி எண்டு எங்க ஒருத்தருக்கும் தெரியா. பின்னால போனாத் தூண்டிலப் போட்டுட்டு நாள் முழுக்கச் சும்மா இரிப்பான். ஆனா டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கும்."

எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் ஒரு நாள் விடியற்காலை என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். தீவின் மூன்று பனையும் ஒரே பனையாகத் தெரிய வேண்டும், அந்த நேரம் மினாராவுக்கு இடப்பக்கம் புகைபோக்கி நிற்க வேண்டும். "வாப்பா எனக்குச் சொன்ன இடம். என்ட நானாமாருக்கும் தெரியா. உனக்கு மட்டும்தான்" என்றார். நகை கிடைத்ததைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது. பதினாறு வருடமாக என் உம்மாவுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை.

"உங்கட சட்டம்தானே டீச்சர்" என்றார் மீராசாஹிப் நானா. "அடுத்தவர்ட இடத்தச் சொல்லச் சொன்னீங்க. மாப்பிள்ளட இடம் உங்கட இடமா, அடுத்தவர்ட இடமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஸப்ராஸைப் பார்த்தேன். அவர் சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றி அதன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக் குடாவையும் நினைத்தேன். சற்றுமுன் நான் பொய்யர் என்று ஏசிய பதினேழு பேரையும் நினைத்தேன். அடிமட்டத்தை எடுத்து இரண்டு கோடு கீறிப் புள்ளியை வைத்தேன்.

அன்று பின்னேரம் வீட்டில் அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தேன். "மன்னிச்சுக்கோங்க" என்றேன். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போய்விட்டார். கோபமாக்கும் என்று நான் வேதனைப்பட்டேன்.

சனிக்கிழமை காலை கடல் எண்ணெய் பூசியது போலக் கிடந்தது. எங்கள் தோணியில் ஸப்ராஸ், கோசலா, நான். பின்னால் அபூசாலியின் தோணியில் மீராசாஹிப் நானாவும் இன்னும் ஐந்தாறு பேரும். அவர்கள் வரத் தேவையே இல்லை. பெரிய புல்லைப் பார்க்காமல் அவர்களால் கரையில் இருக்க முடியுமா?

கோசலாவிடம் அடியில் கண்ணாடி பதித்த ஒரு வாளி இருந்தது. அதைத் தண்ணீரில் அமிழ்த்திக் குனிந்து பார்த்தால் கடலடி தெளிவாகத் தெரியும். ஒன்பது கூட்டத்தில் ஐந்தை அவள் விரும்பியபடி தெரிந்தெடுத்தாள். ஐந்திலும் புல். சிப்பித் திட்டுக்குத் தெற்கே பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு மீட்டர்கூடப் பிசகல்ல!" என்று கத்தினாள். பின்தோணியில் மீராசாஹிப் நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார், ஏதோ அந்த இடத்தை அவரே மனமுவந்து சொன்ன மாதிரி.

"இனிப் பெரிசைக் காட்டுங்க" என்றாள் கோசலா.

நான்தான் வழி சொன்னேன். மூன்று பனையும் ஒன்றானது. புகைபோக்கி மினாராவுக்கு இடப்பக்கம் வந்தது. ஸப்ராஸ் இயந்திரத்தை நிறுத்தினார். கோசலா வாளியை அமிழ்த்திக் குனிந்தாள். நிமிர்ந்தாள். தோணியின் மறுபக்கம் போய் அங்கேயும் பார்த்தாள்.

"மணல் அக்கா" என்றாள் மெதுவாக.

"இரிக்காது. நல்லாப் பாருங்க."

வாளியை என்னிடம் தந்தாள். நான் பார்த்தேன். மணல். வரி வரியாக, சுத்தமான, வெள்ளை மணல். ஒரு சிப்பி. ஒரு நண்டு என்னைப் பார்த்துவிட்டு ஓடியது. புல் இருந்து அழிந்த அடையாளம்கூட இல்லை. அங்கே ஒருநாளும் புல் இருந்ததில்லை.

வாளிக்குள் தலையைக் கவிழ்த்தபடியே எனக்கு விளங்கிவிட்டது. எனக்கும் தள்ளித்தான் சொல்லியிருக்கிறார். ஊருக்கு ஒரு பொய், பொண்டாட்டிக்கு இன்னொரு பொய். பதினாறு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த இரகசியம் ஒரு மணல் திட்டு! அதை நான் ஊருக்கு முன்னால் கோடு கீறி வைத்திருக்கிறேன். பொய்யர்களின் புள்ளியெல்லாம் சரி, அவர்களை ஏசிய டீச்சருடைய புள்ளி மட்டும் பிழை.

பின்தோணியில் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. கோசலா என் தோளில் கை வைத்து, "பரவாயில்ல அக்கா, நான் மற்ற ஐந்தையும் வச்சு முயற்சி செய்து பார்க்கிறன்" என்றாள். முயற்சி செய்து பார்க்கிறன் என்றால் முடியாது என்றுதான் அர்த்தம். முழுக் குடாவும் போய்விட்டது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவரை மட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இயந்திரம் உறுமிக் கிளம்பியது. வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். தோணி கரைப்பக்கம் திரும்பவில்லை. தீவைச் சுற்றிக்கொண்டு அதன் மறுபக்கம், ஆழமில்லை, பாறை என்று எல்லோரும் விலகிப் போகும் பக்கம் போனது. ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தித் தூக்கிக் கட்டிவிட்டுத் தடி ஊன்றித் தள்ளினார். இரண்டு பாறைக்கு நடுவே ஒரு தோணி போக மட்டும் இடம் இருந்தது. அதற்கு அப்பால் தண்ணீர் பச்சையாக விரிந்து கிடந்தது. பின்னால் மீராசாஹிப் நானா, "இஞ்சயா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

கோசலா குனிந்தாள். நெடுநேரம் நிமிரவே இல்லை. பிறகு வாளியை என் கையில் தந்தாள். புல். அடர்ந்த, நீண்ட புல், கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து அசைந்துகொண்டிருந்தது. நடுநடுவே ஒருவர் நடந்துபோன ஒற்றையடிப் பாதைகளைப் போல வெறும் கோடுகள். "மேய்ஞ்ச தடம்" என்றாள் கோசலா.

அந்த நேரம் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் திரும்பினேன். பத்து முழத்துக்கு அப்பால் ஒரு மண்ணிற முதுகு. அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு சின்னதாக இன்னொன்று. இரண்டும் ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டு அவசரமே இல்லாமல் கீழே போயின. நாற்பத்தேழு ஆவுளியாவைப் பதிந்த நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆவுளியாவைக் கண்டேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பின்தோணியில் அபூசாலி "ஸுப்ஹானல்லாஹ்" என்று முணுமுணுத்தார்.

கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"பதினாறு வருஷம்!" என்றேன். ஊர் கேட்டால் கேட்கட்டும்.

ஸப்ராஸ் தடியில் சாய்ந்து நின்றார். "வாப்பாக்கு வாக்குக் குடுத்த" என்றார். "பொஞ்சாதிக்கும் சொல்லாத எண்டு சொல்லித்தான் எனக்குக் காட்டின. நீ அண்டைக்கு அம்புட்டு ஆசையாக் கேட்டியா, இல்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல."

"அதுக்கு மணலக் காட்டினீங்களா?"

"சந்தோசப்பட்டாய்தானே."

"அப்ப இண்டைக்கு வாப்பாட வாக்கு என்னாச்சு?"

அவர் தடியைத் தோணிக்குள் வைத்தார். "மறுமையில வாப்பாவக் கண்டா என்னத்தயாச்சும் சொல்லிச் சமாளிப்பேன். நீ அந்த வாளியப் புடிச்சிட்டு நிண்ட முகத்த என்னால பாக்க ஏலாமப் போச்சு."

ஏசுவதற்கு எடுத்து வைத்திருந்த சொற்கள் இன்னும் நிறைய இருந்தன, அவற்றை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அவர் தோணியின் முனைக்குப் போய்க் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டார். அப்போதுதான் பார்த்தேன், அங்கே ஒரு சின்ன மிதவை, அதன் கீழே அவருடைய வலை. அந்த வலை ஆவுளியாக் குட்டி போன பக்கமாகவே கிடந்தது. அலுவலகத்து மிதவைகளைப் போட இன்னும் எத்தனையோ மாதம் ஆகும் என்று கோசலா சொன்னாள். இன்னும் ஒரு பருவம் அவர் அங்கே வலை வைக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வாப்பாவின் இடத்திலிருந்து வலையை இழுக்கத் தொடங்கினார். ஈர வலை கனமானது, தனி ஆளாக இழுப்பது கஷ்டம். நான் வாளியை வைத்துவிட்டுப் போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.